எல்லாச் சாமானும் இடத்தில் இருந்த நாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வாரம் போனில் நீ இரண்டு விஷயம் சொன்னாய். இரண்டுக்கும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. புது வேலை கிடைத்திருக்கிறது என்றாய். ஊர் ஊராகப் போய் சின்னச் சின்னத் தொண்டு அமைப்புகளைப் பார்த்து, எது எந்த அளவுக்குத் தன் காலில் நிற்கிறது என்று மதிப்பிட்டு, தள்ளாடுவதை நிமிர்த்த வழி சொல்ல வேண்டும் என்றாய். நான் "நல்லது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அடுத்ததாக, முட்டி ஆபரேஷனைக் கோயம்புத்தூரிலேயே செய்துகொண்டு அப்படியே என்னோடு இருந்துவிடுங்கள் அப்பா என்றாய். அதற்குச் சிரித்து மழுப்பினேன். வழக்கம்போல, நான் வந்துவிட்டால் சங்கம் படுத்துவிடும் என்றேன். "சரிப்பா" என்று சொல்லிப் போனை வைத்தாய். உன் அம்மாவும் கோபம் வந்தால் அப்படித்தான் சரி என்பாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் சாம்பாரில் உப்பு இருக்காது.

அந்தக் கோபத்துக்குப் பதில்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஸ்டெல்லா நச்சரித்துக்கொண்டிருப்பதால், உனக்கு எழுதுவதையே அதற்கும் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். ஆகவே ஊரே படிக்கும். உன்னைப் பற்றி ரகசியமாக ஒன்றும் எழுதப் போவதில்லை, பயப்படாதே. மானம் போனால் என்னுடையதுதான் போகும். வெளி ஆட்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே சில இடத்தில் மறுபடி சொல்வேன். பொறுத்துக்கொள்.

நம் சங்கத்தின் வேலை பெரிய ராஜதந்திரம் ஒன்றும் இல்லை. நடக்க முடியாதவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீட்டுக்குச் சக்கர நாற்காலி, வாக்கர், காற்று மெத்தை, தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டில் இவற்றை இலவசமாகக் கொடுக்கிறோம். தேவை தீர்ந்ததும் திரும்ப வாங்கிக் கழுவித் துடைத்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிறோம். ஆவடியிலிருந்து பூந்தமல்லி, திருமழிசை வரைக்கும் நம் சாமான்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நம் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற பழைய ஞாயிறு பள்ளி அறைதான் நம் ஆபீஸ், கிடங்கு எல்லாம். மலரில் வருடா வருடம் என்னை நிறுவனர் என்று போடுகிறார்கள். அது பொய். உன் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரம், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அடுத்த பிளாக்கில் இருந்த ராமசாமி அவர் அப்பாவுக்காக அம்மாவின் சக்கர நாற்காலியைக் கேட்டு வாசலில் வந்து நின்றார். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அதில் அவள் உட்கார்ந்த பள்ளம் இன்னும் அப்படியே இருந்தது. நீதான், கல்லூரிக்குப் போட்ட சுடிதாரைக்கூட மாற்றாமல், காலி நாற்காலியைத் தெருவெல்லாம் தள்ளிக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் விட்டுவிட்டு வந்தாய். கைப்பிடியில் நீ சின்ன வயதில் ஒட்டிய வண்ணத்துப்பூச்சிப் படத்தோடு அது போனது. சங்கம் தொடங்கியது அந்தத் தெருவில்தான். நான் பிறகு வந்து பெயர்ப்பலகை மாட்டினேன், அவ்வளவுதான்.

ஆனால் பெயர்ப்பலகை மாட்டியவனுக்கு ஒரு மமதை வந்துவிடும், பாப்பா. நீ பார்க்கப் போகிற சங்கங்களில் முக்கால்வாசி இடத்தில் என்னைப் போல் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவனை எப்படி அடையாளம் காண்பது என்று நானே சொல்லித் தருகிறேன். ராணுவத் தொழிற்சாலையில் காலம் முழுவதும் ஸ்டோர்ஸில் இருந்தவன் நான். ஒரு சாமான் எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சங்கத்தையும் அப்படியே நடத்தினேன். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் என் போன் நம்பரைப் பெயிண்டில் எழுதி வைத்தேன். யாருக்கு என்ன வேண்டுமானாலும் எனக்குத்தான் போன் வரும். யாருக்கு முதலில் கொடுப்பது, எதை யார் வீட்டிலிருந்து எடுப்பது எல்லாம் என் தலைக்குள் இருந்தது. மண்ணூர்பேட்டை ஸ்டெல்லா, அவள் மாமியார் படுத்திருந்தபோது நம் கட்டிலை வாங்கிப்போய், பிறகு சங்கத்துக்கே வேலை செய்ய வந்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்மென்ட்ஸ் கம்பெனி வேலையை விட்ட பிறகு முழு நேரமும் இங்கேதான். குட்டியானை வண்டி ஓட்டும் பாஸ்கர், டீசல் மட்டும் வாங்கிக்கொண்டு சாமான் ஏற்றி இறக்குகிறவன். இவர்கள் இரண்டு பேரும் என்னைக் கேட்காமல் ஒரு ஊன்றுகோலைக்கூட வெளியே எடுக்க மாட்டார்கள். அதை ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்துக்கொண்டிருந்தேன் என்ன, பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

இப்படி இருக்கும்போது, ஒரு அறக்கட்டளை நமக்கு உதவ முன்வந்தது. உதவுவதற்கு முன்னால் ஒரு ஆள் வந்து சங்கத்தின் பலம் பலவீனத்தைப் பார்த்து மதிப்பிடுவார் என்று எழுதியிருந்தார்கள். மதிப்பீடு என்ற அந்தச் சொல் என் காதில் வேறு மாதிரி விழுந்தது. எங்கள் தொழிற்சாலையில் பெரிய அதிகாரி வருகிறார் என்றால் மரத்தடியெல்லாம் சுண்ணாம்பும் காவியும் ஏறும். ஸ்டோர்ஸில் இருப்புச் சரிபார்க்க ஆள் வருகிறார் என்றால், எந்தப் பட்டறைக்குக் கொடுத்த கருவியாக இருந்தாலும் முதல் நாளே திரும்ப வாங்கி அலமாரியில் அடுக்கிவிட வேண்டும். ஒரு தட்டு காலியாக இருந்தாலும் அது ஸ்டோர்ஸ்காரனுக்கு அவமானம். ரிட்டயர் ஆனாலும் அந்தப் புத்தி எங்கே போகும். அறைக்கு வெள்ளையடித்தேன். வாசலில் இருந்த வேப்பமரத்துக்கும் காவி அடித்தேன். பிறகு ஸ்டெல்லாவையும் பாஸ்கரையும் கூப்பிட்டு, வெளியே போயிருக்கிற சாமான் அத்தனையும் நாளைக் காலைக்குள் இங்கே வந்து சேர வேண்டும், பார்க்க வருகிறவர் பார்த்துவிட்டுப் போனதும் அவரவர் வீட்டில் திரும்பக் கொடுத்துவிடலாம், ஒரு நாள்தானே என்றேன்.

நீ இதைப் படித்துத் தலையில் அடித்துக்கொள்வாய் என்று தெரியும். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. எங்கள் சங்கத்திடம் எவ்வளவு இருக்கிறது என்று வருகிறவருக்குத் தெரிய வேண்டாமா என்றுதான் தோன்றியது. பாஸ்கர் தலையைச் சொறிந்துகொண்டு வண்டியை எடுக்கப் போனான். ஸ்டெல்லா மட்டும் நகரவில்லை. மண்ணூர்பேட்டையில் அவள் தெருவிலேயே ஒரு கொத்தனார் இருந்தார், சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்திருந்தவர். அவர் நம் காற்று மெத்தையில் இருந்தார்.

"அந்த மெத்தைய நான் எடுத்தார மாட்டேன் சார்," என்றாள்.

"ஒரு நாள்தானேம்மா."

"உங்களுக்கு ஒரு நாளு. அவுரு முதுகு ஒரு நாளு தாங்குமா? இப்பதான் புண்ணு ஆறிகினு வருது. வர்றவரு பாக்கறதுக்கோசரம் அவுரு கட்டாந்தரைல படுக்கணுமா?"

"எல்லாரும் கொடுக்கும்போது ஒருத்தருக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தால் சங்கம் எப்படி நடக்கும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வேற யாரையாச்சும் அனுப்புங்க. யாரு வந்தாலும் நான் ஊட்டு வாசல்ல நிப்பேன்."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அன்று முழுவதும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பாஸ்கரை அனுப்பவும் தைரியம் வரவில்லை. ஸ்டெல்லா வாசலில் நிற்பேன் என்றால் நிற்பாள், தெருவே வேடிக்கை பார்க்கும்.

மறுநாள் காலையில் அறையைப் பார்க்கக் கண் கொள்ளவில்லை. சக்கர நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக, வாக்கர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, கட்டில்கள் மடித்து, எல்லாம் டெட்டால் வாசனையோடு பளபளவென்று இருந்தன. அம்மாவின் நாற்காலி முதல் இடத்தில். மெத்தைகள் அடுக்கிய அலமாரியில் ஒரே ஒரு தட்டுதான் காலி. அந்தக் காலித் தட்டு என் கண்ணில் தூசி விழுந்தது மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. மதிப்பிட வந்தவர் அருண் என்ற இளைஞர், உன் வயதுதான் இருக்கும். பெரிய நாற்காலி எல்லாம் காட்சிக்கு வைத்துவிட்டதால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார், முட்டி மோவாயில் இடிக்க. நான் ஜெபம் செய்து கூட்டத்தைத் தொடங்கினேன். அவர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். யார் முடிவெடுப்பது, புது ஆட்களுக்கு யார் வேலை கற்றுக்கொடுப்பது, ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே சாமானைக் கேட்டால் என்ன செய்வீர்கள். எல்லாக் கேள்விக்கும் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பதில் சொன்னேன். ரொம்ப நன்றாகவே சொன்னேன்.

"சார் ஒரு மாசம் ஊர்ல இல்லன்னு வெச்சுக்கங்க. அப்போ யாரு இதெல்லாம் பாத்துக்குவாங்க?" என்று பாஸ்கரைப் பார்த்துக் கேட்டார். பாஸ்கர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சார் எங்கியும் போமாட்டாரு சார்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அருண் சிரிக்கவில்லை. எழுந்து போய் சுவரோரம் இருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி, மெதுவாக, "இவ்வளவு இருக்கே சார், இப்ப யாருக்கும் தேவைப்படலையா?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். கரையான்சாவடி மெயின் ரோட்டில் பூக்கடை வைத்திருக்கிற லட்சுமியின் வீட்டுக்காரர். லட்சுமிக்கு இரண்டு காலும் இல்லை, சர்க்கரை நோயில் எடுத்துவிட்டார்கள். அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்துதான் அவள் கடையில் பூ கட்டுவாள். அவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டு, கொஞ்சமும் கோபம் இல்லாமல் கேட்டார்.

"சார், பொருட்காட்சி முடிஞ்சிதா? முடிஞ்சிருந்தா அந்த சேரை எடுத்துகினு போய்டுவேன். காலைலேர்ந்து அவ கட்டில்லயே குந்திகினு கீறா. கடை தொறக்கல. பூவெல்லாம் ஈரத்துணில சுத்தி வெச்சிகீறோம்."

பாப்பா, உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரு முறை அம்மாவின் நாற்காலிச் சக்கரம் உடைந்து சரிசெய்யக் கொடுத்திருந்தோம். அன்று முழுவதும் அவள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். சாயங்காலம் நான் வந்ததும், "அது ஓடுது, நான் ஓடல," என்றாள். அந்த ஒரு நாள் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அதே நாற்காலியை இன்னொரு பெண்ணின் கீழிருந்து உருவிக்கொண்டு வந்து வெள்ளையடித்த சுவருக்குப் பக்கத்தில் வைத்து அழகு பார்த்தேன். நானே அந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் குட்டியானையில் ஏற்றினேன். அருணும் கூடவே வந்து ஒரு கை பிடித்தார். கூட்டம் அதோடு கலைந்தது. சாயங்காலம் வரை எல்லோரும் சேர்ந்து சாமான்களை வீடு வீடாகத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தோம், மதிப்பிட வந்தவரும்தான். அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க எண்ணெய்க் கறை.

கடைசி வீட்டுக்குப் போய் வந்த பிறகு டீக்கடையில் நின்று, அந்தக் காலித் தட்டு எதற்கு என்று கேட்டார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் பாஸ்கர் நடந்ததைச் சொல்லிவிட்டான், ஸ்டெல்லா பேசியது ஒன்றையும் விடாமல், குரலோடு. சங்கத்தின் கதை அவ்வளவுதான், கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "சார், உங்க சங்கத்துல இன்னைக்கு எனக்கு நம்பிக்கை குடுத்தது அந்தக் காலித் தட்டுதான்," என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடினேன், இவர் ஒரு தட்டைப் பார்த்து நம்பிக்கை வந்தது என்கிறாரே என்று மனசுக்குள் பொருமினேன். அதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல நாள் ஆனது. என் பேச்சை எல்லோரும் கேட்டதுதான் சங்கத்தின் நோய். கேட்காத ஒருத்தி இருந்ததுதான் அதன் உயிர்.

ஆகையால் நீ போகிற இடத்தில் காகிதங்களைப் பார், வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கு ஒழுங்காக இல்லாத சங்கம் ஒரு நாள் கவிழும். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திரு. கேள்வி கேட்டதும் எல்லோர் கண்ணும் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் கெட்டவன் இல்லை, பாப்பா. பெரும்பாலும் அவன்தான் தொடங்கியவன், பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடியவன், ஓடி ஓடி முட்டி தேய்ந்தவன். அவனை அவமானப்படுத்தாதே. அருண் என்னை அவமானப்படுத்தவில்லை. ஆனால் அவன் சொல்வதை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதே. அவனைக் கொஞ்சம் வெளியே அனுப்பிவிட்டு, கடைசியாக அவனிடம் முடியாது என்று சொன்னது யார், அப்புறம் என்ன ஆனது என்று மற்றவர்களைக் கேள். ஒருவரும் சொன்னதில்லை என்றால் அங்கே உனக்கு நிறைய வேலை இருக்கிறது. இன்னொன்று, சாமான்கள் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்காதே. எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறதா என்று பார். வெள்ளையடித்த வாசனை வந்தால் உடனே வெளியே வந்து அவர்கள் போகிற வீடுகளைப் போய்ப் பார். மார்க் போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடாதே. மார்க் போடுவதோடு நின்றிருந்தால் அருண் எங்களுக்கு ஒரு இன்ஸ்பெக்டர்தான். அவர் திரும்பத் திரும்ப வந்தார். அதனால்தான் இன்றைக்குச் சங்கம் இருக்கிறது.

வந்து பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. எந்த வேலையாக இருந்தாலும் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தார். யாருக்கு முதலில் என்று என் தலைக்குள் இருந்ததை எல்லோரையும் வைத்துப் பேசி விதிகளாக்கினார். நானும் சில விதிகளை அடம்பிடித்துச் சேர்த்தேன். பிறகு நாற்காலிகளின் முதுகில் இருந்த என் நம்பரை அழிக்கச் சொன்னார். சங்கத்துக்கு என்று ஒரு போன் வாங்கி, அதை வாரம் ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. அழிக்கிற வேலையை நானே செய்தேன், வேறு யாராவது செய்தால் தாங்க மாட்டேன் என்று. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அதற்குப் பிறகு வந்த வாரம் முழுவதும் என் போன் அடிக்கவே இல்லை. பழுதாகிவிட்டதோ என்று பாஸ்கரை விட்டு ஒரு தடவை அடிக்கச் சொன்னேன். நன்றாகத்தான் அடித்தது. ஓய்வு பெற்ற நாள் அன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

பொதுக்குழுவில் ஸ்டெல்லாவைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். நானும்தான் கை தூக்கினேன். அவள் என் மாதிரி நடத்தவில்லை. அறையைப் பார்த்தால் உனக்கே தெரியும், பாதி அலமாரி எப்போதும் காலி, மீதி பாதி அலங்கோலம். ஒரு குடும்பம் நம் கட்டிலோடு சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்குப் போய்விட்டது. என் காலத்தில் அப்படி நடந்திருக்குமா என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அடுத்த வாரமே அவள் ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைப் பொறுப்பாகச் சேர்த்துவிட்டாள். எனக்கு அது தோன்றியதே இல்லை. இருந்தாலும் உன்னிடம் மட்டும், நான் போனால் சங்கம் படுத்துவிடும் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். பழக்கம். ஒருவேளை அப்படிப் படுத்துவிட வேண்டும் என்று ஒரு மூலையில் ஆசைகூட இருந்திருக்கலாம்.

நீ போனை வைத்த மறுநாள் மனசு கேட்கவில்லை. சரி, கோயம்புத்தூருக்குப் போய்த்தான் பார்ப்போமே என்று முடிவு செய்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கர் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நம்மிடம் உயரம் கூட்டிக் குறைக்கிற நல்ல வாக்கர் ஒன்று இருக்கிறது, நானே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வாங்கியது. அதை எடுத்துக்கொண்டு வரலாம் என்று நொண்டிக்கொண்டே சங்கத்துக்குப் போனேன். வாக்கர் சுவரோரம்தான் நின்றிருந்தது. ஸ்டெல்லா போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன்.

"அது திருமழிசைக்குப் போவுது சார். அங்க ஒரு அம்மா விழுந்துட்டாங்க. பாஸ்கரு வந்துகினே கீறான்," என்றாள்.

"சரி, அது திரும்பி வந்ததும் எனக்கு எடுத்து வை. அடுத்த மாசம் ஊருக்குப் போகும்போது கொண்டுபோகிறேன்."

அவள் தலையசைத்து மறுத்தாள். "முன்னாடியே எடுத்து வெக்கக் கூடாது சார். அந்தந்த நேரத்துக்கு யாருக்கு ரொம்ப முடியலையோ அவுங்களுக்குத்தான். அப்புறம், கோயமுத்தூருக்கெல்லாம் குடுக்க முடியாது. நம்ம ஏரியாவத் தாண்டி சாமான் போவக் கூடாது."

"யார் சொன்னது?"

"நீங்கதான் சார் சொன்னீங்க. அருண் சார் வந்தப்போ ஒத்தக்கால்ல நின்னு எழுத வெச்சீங்க."

"எனக்குமா, ஸ்டெல்லா?"

"கஷ்டமாத்தான் கீது சார். இன்னா பண்றது, சொல்லுங்க," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் வாக்கர் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதற்குள் பாஸ்கர் வந்து, எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, அதைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் வாங்கிய வாக்கர், நான் மாட்டிய பெயர்ப்பலகை, எனக்கே இல்லையா என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். முட்டி வலித்தது. நிழற்குடையில் உட்கார்ந்தேன். என் பஸ் ஒன்று வந்து போனது, நான் ஏறவில்லை. எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேனோ தெரியவில்லை, திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண்மணி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அருண் அன்றைக்குப் பாஸ்கரிடம் கேட்ட கேள்விக்கு, இத்தனை நாள் கழித்து ஸ்டெல்லா பதில் சொல்லிவிட்டாள் என்று புரிந்தது. எனக்கே முடியாது என்று சொல்லத் தெரிந்த சங்கம் நான் இல்லாவிட்டால் படுக்காது. இனிமேல் உன்னிடம் சொல்ல என்னிடம் சாக்கு எதுவும் மிச்சம் இல்லை, பாப்பா.

அதனால், உன் வீட்டுப் பக்கத்தில் நல்ல கடையாகப் பார்த்து ஒரு வாக்கர் வாங்கி வை, உயரம் கூட்டிக் குறைக்கிற மாதிரி. தேவை தீர்ந்ததும் அதைக் கேட்டு யாராவது உன் வாசலில் வந்து நிற்பார்கள். முன்பு போலவே நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிடு. நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா